கவலைக்கு மூன்று ஷிப்ட்

1

முருகன் பேரைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். இன்று தைப்பூசம். நான் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டர் என்ற ஊரில். காலையில் கார்க் கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியைச் சுரண்டி எடுத்த பிறகுதான் கோயிலுக்குக் கிளம்ப முடிந்தது. வேட்டிக்குள்ளே ஒரு கம்பளிப் பேன்ட். முருகனுக்கு அது தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்து வெளியே போனவர்கள் சேர்ந்து போடும் மலருக்கு எழுதச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்கிறீர்கள். நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவன். எழுத்து என் வேலை இல்லை. எங்கள் வீட்டில் எழுதுகிறவள் என் மகள் வள்ளி. அவள் எழுதிய ஒரு புத்தகத்தால்தான் ஒரு வருஷமாக எங்கள் மூன்று பேருக்கும் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. போன தைப்பூசத்தன்று ஆரம்பித்த கவலை அது. இன்று காலையில் கோயிலில் வைத்து அதற்கு ஒரு பதில் வந்தது. பதிலை முதலிலேயே சொல்லிவிட்டால் நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

என் மனைவி மல்லிகா நர்ஸ். அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துத்தான் நாங்கள் வந்தோம். அப்போது வள்ளிக்கு எட்டு வயசு. நான் மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் கான்ட்ராக்டில் இருந்தவன். பெர்மனென்ட் ஆவேன், ஆவேன் என்று காத்திருந்தபோதே விசா வந்துவிட்டது. இங்கே பிஸ்கட் ஃபேக்டரியில் வேலை. இங்கேயும் பெல்ட்தான். அங்கே கரி ஓடியது, இங்கே பிஸ்கட் ஓடுகிறது. வீட்டுக்கு வந்தால் சட்டையில் கரி வாசனைக்குப் பதில் சர்க்கரை வாசனை, அவ்வளவுதான் வித்தியாசம்.

2

வள்ளி எழுதியது இங்கிலீஷ் நாவல். இந்த ஊரில் பெரிய பதிப்பகங்கள் எழுதியவரிடமிருந்து நேராக வாங்கிக்கொள்வதில்லையாம். நடுவில் ஏஜெண்ட் என்று ஒருவர் வேண்டும். அவர் படித்துப் பார்த்து, பிடித்திருந்தால் எடுத்துக்கொண்டு போய்ப் பதிப்பகத்தில் பேசுவார். அவர் எடுக்காவிட்டால் புத்தகம் லாப்டாப்பிலேயே கிடக்க வேண்டியதுதான்.

ஏஜெண்ட் என்றதும் எனக்கு வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்ட்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

“பாஸ்போர்ட் கேட்டா குடுத்துடாதம்மா” என்றேன்.

“அப்பா, இவங்க பாஸ்போர்ட் கேக்க மாட்டாங்க. முதல் மூணு சாப்டர் கேப்பாங்க.”

மூன்று சாப்டர் என்று அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். ஒரு ஏஜெண்டுக்கு மூன்று சாப்டர், இன்னொருவருக்குப் பத்துப் பக்கம். ஒருவர் மெயிலோடு ஃபைலை இணைக்கச் சொல்வார், இன்னொருவர் இணைத்தால் திறக்கவே மாட்டேன் என்பார். கதை முழுவதையும் ஒரே பக்கத்தில் சுருக்கித் தர வேண்டும். எழுத்து இந்த அளவு, வரிக்கும் வரிக்கும் இவ்வளவு இடம். விசா அப்ளிகேஷனே தேவலாம் போலிருந்தது, அதிலாவது எல்லாருக்கும் ஒரே ஃபாரம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரி இருக்கும். இத்தனை வாரத்தில் எங்களிடமிருந்து பதில் வராவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்ளவும்.

மல்லிகாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. “வேணாம்னா வேணாம்னு சொல்லத் தெரியாதா? ஆஸ்பத்திரியில நாங்க இப்படி இருக்க முடியுமா? ரிசல்ட் வரலன்னா நீங்க செத்துட்டதா எடுத்துக்குங்கன்னு சொல்லலாமா?”

நல்ல நாள் பார்த்து, போன தைப்பூசத்தன்று, பூஜை அறையில் லாப்டாப்பை வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு முதல் மெயிலை அனுப்பினோம். வள்ளிக்கு வெட்கம். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்து முதல் பதில் வந்தது. வள்ளி குளித்துக்கொண்டிருந்தாள். போன் மேசை மேல் இருந்தது. முதல் வரியில் ரொம்ப நன்றி என்று இருந்தது. அடுத்த வரியில் படிக்கச் சந்தோஷமாக இருந்தது என்று இருந்தது. எனக்கு அதுவரை புரிந்தது, அதுவே போதும் என்று இருந்தது. ஓடிப்போய் ரவையை வறுத்தேன். கேசரித் தட்டோடு நான் வந்தபோது வள்ளி ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா, மூணாவது வரிய படிங்க.”

மூன்றாவது வரியின் முதல் வார்த்தை ‘அன்ஃபார்ச்சுனேட்லி’. துரதிர்ஷ்டவசமாக என்று அர்த்தமாம். கேசரியை மூன்று பேரும் சாப்பிட்டோம். அன்றைக்கென்று நெய் வேறு கூட விட்டிருந்தேன். நம் பக்கத்தில் இல்லை என்றால் முகத்துக்கு நேராக இல்லை என்பார்கள். இங்கே முதலில் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் குட்டுகிறார்கள். அன்றிலிருந்து அந்த ஒரு வார்த்தையின் உருவம் எனக்கு மனப்பாடம். எவ்வளவு நீள மெயிலானாலும் அது எந்த வரியில் இருக்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன்.

3

அந்தப் புத்தகத்தை நான் படித்ததில்லை. கதை நடப்பது நெய்வேலியில். ஒரு பெண், அவளுடைய அம்மா, மைன்ஸுக்குப் போகிற அப்பா. வள்ளி பிரின்ட் எடுத்து வைத்திருந்த தாள்களைப் புரட்டினால் நடுநடுவே பிளாக், ஷிப்ட், வடலூர், சேத்தியாத்தோப்பு என்று தெரியும். மற்றதெல்லாம் கனமான இங்கிலீஷ். என் ஊர் அதற்குள் இருக்கிறது, எனக்குத்தான் உள்ளே போக வழி தெரியவில்லை.

வள்ளி பெரிய வகுப்புக்குப் போன நாளிலிருந்து எங்களோடு பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். அப்புறம் அதுவும் போய் வெறும் ‘ம்’. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். கோயிலுக்கு வருவதும் நின்றது. இந்த ஊர் அப்படித்தான், எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஒரு ஸ்கூலில் உதவி டீச்சராகச் சேர்ந்திருந்த புதிது.

“அப்பா, மைன்ஸ்ல மழை வந்தா என்ன பண்ணுவீங்க?”

பீன்ஸ் அப்படியே கிடந்தது. அன்று அவளுக்கு மழையைச் சொன்னேன். மறுநாள் மண் என்ன கலர் என்று கேட்டாள். கரிக்கு மேலே இருக்கிற மண்ணா, கீழே இருக்கிற மண்ணா என்று நான் திருப்பிக் கேட்டேன். அப்புறம் தினமும் சாப்பாட்டுக்குப் பின் கேள்விதான். பஸ் எந்த இடத்தில் திரும்பும், டிபன் பாக்ஸில் என்ன இருக்கும், பக்கெட் வீல் மெஷின் மண்ணை வாரும்போது காது என்ன ஆகும், ஆட்கள் என்ன கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவார்கள். கெட்ட வார்த்தையில் மட்டும் பாதியைச் சொன்னேன்.

ஏஜெண்ட் கிடைக்காவிட்டால் புத்தகம் போய்விடும் என்பது வள்ளியின் கவலை. புத்தகம் போய்விட்டால் அந்தக் கேள்விகளும் போய்விடும் என்பது என் கவலை. அவளிடமோ மல்லிகாவிடமோ இதை நான் சொன்னதில்லை. முருகனிடம் மட்டும் தினமும் சொன்னேன்.

4

இல்லை, இல்லை என்று பதில்கள் வர வர வள்ளிக்குப் போனைப் பார்க்கிற வியாதி பிடித்துக்கொண்டது. பல் விளக்கும்போது பார்ப்பாள், குழம்பை ஊற்றிவிட்டுப் பார்ப்பாள். பதில் வந்த அன்று அழுகை. வராத அன்று அதைவிட மோசம்.

“இந்தப் புள்ள ரெண்டு இட்லிய அரை மணி நேரமா பாத்துக்கிட்டு இருக்குங்க” என்றாள் மல்லிகா. “நீங்க ஏதாவது சொல்லுங்களேன்.”

நான் வள்ளிக்கு எதிரே உட்கார்ந்தேன். “மைன்ஸ்ல ஒரே ஆள் ராப்பகலா பெல்ட்டப் பாத்துக்கிட்டு நின்னா என்னம்மா ஆவான்?”

“செத்துடுவான்.”

“அதனாலதான் ஷிப்ட் வச்சாங்க. நாம மூணு பேர் இருக்கோம்ல?”

கேலி என்று நினைத்துச் சிரித்தாள். நான் நிஜமாகத்தான் சொன்னேன். அவளுடைய மெயில் என் போனிலும் மல்லிகாவின் போனிலும் தெரியும்படி செய்யச் சொன்னேன். காலை ஷிப்ட் மல்லிகா. அவள் ஆஸ்பத்திரி பிரேக்கில் ஒரு தடவை பார்ப்பாள். ஜெனரல் ஷிப்ட் நான், ஃபேக்டரி டீ நேரத்தில். சாயந்தரம் கொஞ்ச நேரம் மட்டும் வள்ளி. அடுத்தவர் ஷிப்டில் யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது. கவலையும் அப்படித்தான். யார் ஷிப்டோ அவர் மட்டும் படலாம், மற்ற இரண்டு பேரும் சாப்பிட வேண்டும்.

ஷிப்ட் மாற்றும்போது மைன்ஸில் சொல்வது போலவே நிலவரம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது சட்டம்.

“என்ன கண்டிஷன்பா?” என்று வள்ளி கேட்பாள்.

“பெல்ட் ஓடுது. சத்தம் ஒண்ணும் இல்ல.”

மெயிலில் அந்த வார்த்தை இருந்தால், “ஒரு ரோலர் போச்சும்மா” என்பேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெல்ட் ஓடுவது ஏகப்பட்ட ரோலர்கள் மேல். ஒன்று இறுகிப்போனால் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டுவோம், பெல்ட் திரும்ப ஓடும். முதல் ரோலர் போனபோது வள்ளி அழுதாள். அடுத்ததற்கு, “மாத்திடலாம்பா” என்று சொல்லி அன்றே வேறொரு ஏஜெண்டுக்கு அனுப்பினாள். இட்லியும் சாப்பிட்டாள்.

வெயில் காலத்தில் ஒரு நாள், என் ஷிப்டில், ஹெலன் என்கிற லண்டன் ஏஜெண்டிடமிருந்து மெயில் வந்தது. தேடு தேடு என்று தேடினேன். அந்த வார்த்தையைக் காணோம். எனக்குப் பயம் வந்துவிட்டது. கேசரி கிண்டிய கை இல்லையா? பக்கத்து பெல்ட்டில் வேலை செய்யும் குஜராத்தி அம்மாவிடம் போனை நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். படித்து முடித்ததும் என் முதுகில் ஓங்கி ஒரு அடி. ஹெலன் முழுப் புத்தகத்தையும் அனுப்பச் சொல்லியிருந்தார்.

சாயந்தரம் வள்ளி கண்டிஷன் கேட்டாள். போனை அப்படியே கொடுத்தேன். அவள் அதைப் படித்துவிட்டுப் பூஜை அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். அவளாக அங்கே போய் நின்று எத்தனை வருஷம் ஆகிறது!

ஆனால் அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டியது. மற்ற ஏஜெண்டுகள் இல்லை என்றார்கள், அல்லது எதுவும் சொல்லாமல் இல்லை ஆக்கினார்கள். ஹெலன் ஒருவர்தான் மிச்சம். இத்தனை நாள் வைத்திருக்கிறார் என்றால் பிடித்திருக்கிறது என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் மறந்தே போய்விட்டார் என்று தோன்றும்.

“ஹெலனும் வேணாம்னு சொன்னா விட்டுடுவேன்பா” என்றாள் வள்ளி. “ஃபைலையே அழிச்சிடுவேன்.”

கேள்விகள் ஏற்கெனவே நின்றுபோயிருந்தன. தட்டு மறுபடியும் அறைக்குள் போக ஆரம்பித்தது.

5

என் தங்கை சாந்தா குள்ளஞ்சாவடியில் வாழ்க்கைப்பட்டவள். முந்திரித் தோப்பு உள்ள வீடு. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசுவாள்.

“இன்னாண்ணே, பொஸ்தகம் வந்துடுச்சா?”

“இல்ல சாந்தா. அந்தம்மா படிச்சுக்கிட்டிருக்காங்க.”

“எம்மா நாளா படிச்சினு இருப்பாங்க? எழுத்துக் கூட்டிப் படிக்கிறாங்களா?”

“அவங்களுக்கு ஆயிரம் வேல இருக்கும்.”

“நீ நேர்ல போயிப் பாத்தியா?”

“இங்கெல்லாம் அப்படிப் போகக் கூடாது.”

“லெட்டரப் போட்டுட்டு வூட்ல குந்திகினு இருந்தா எவன் குடுப்பான்? மொகத்தப் பாத்தாதான மனுசாளுக்கு எரக்கம் வரும். முந்திரி அனுப்பறேன், எடுத்துகினு போ. பொண்ண பெத்தவன் நீ போவாம வேற எவன் போவான்?”

அவள் பேச்சை நான் சிரித்துத் தட்டிவிட்டேன். ஆனால் முந்திரி வந்துவிட்டது. பண்ருட்டியிலிருந்து வந்த ஒருவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். பையைப் பிரித்ததும் அந்த வறுத்த வாசனை. அதிலிருந்து என் புத்தி மாறிவிட்டது.

டவுன்ஷிப்பில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். ஜனவரி ஒண்ணாம் தேதி காலையில் ஆபீசர் குவார்ட்டர்ஸ் வாசலில் எலுமிச்சம்பழத்தோடு நிற்பார்கள். பெர்மனென்ட் ஆனவர்கள், ஆகாதவர்கள், எல்லாரும். கேட்கிறது எதுவும் இல்லை, ஒரு கும்பிடு. நம் முகம் அவர் மனசில் இருந்தால் போதும் என்பதுதான். நானும் ஒரு தடவை போயிருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

லீவு நாளில் லண்டனில் இருக்கிற முருகன் கோயிலுக்குப் போய்வருவதாக மல்லிகாவிடம் சொன்னேன். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று கோயிலுக்கும் போனேன். சன்னதியில் கொடுத்த எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு, மெயிலுக்கு அடியில் இருந்த விலாசத்தைத் தேடிப் போனேன். நாலு மாடி, ஒடுக்கமான கட்டடம். மணி அடித்ததும் ஒரு பெண் கதவைத் திறந்தாள். வரவேற்பு மேசையில் இருக்கிறவள்.

ரயிலில் தயார் செய்து வைத்திருந்த இங்கிலீஷைச் சொன்னேன். நான் வள்ளியுடைய அப்பா. தொந்தரவு செய்ய வரவில்லை. மரியாதைக்கு வந்தேன். அவள் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, ஹெலன் மேடத்தைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி எலுமிச்சம்பழத்தை மேசை மேல் வைத்தேன். சிரித்தாள். எனக்குத் தைரியம் வந்தது. பையிலிருந்து முந்திரிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, வாசனை தெரியட்டும் என்று அவள் பக்கம் நீட்டினேன்.

அவள் நாற்காலியோடு பின்னால் போனாள்.

கதவில் ஒரு ஸ்டிக்கர் இருந்ததாம், கொட்டை படம் போட்டு மேலே சிவப்புக் கோடு. நான் கவனிக்கவில்லை. அந்த ஆபீசில் ஒருவருக்கு முந்திரி மாதிரி எதுவும் ஆகாது, பட்டாலே மூச்சு நின்றுவிடும். அவள் என்னைத் திட்டவில்லை. மெல்லக் கதவைத் திறந்து, பொட்டலத்தை வெளியே எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, மேசையை ஈரத் துணியால் துடைத்தாள், திரும்பத் திரும்ப. நான் தெருவில் நின்றேன். எலுமிச்சம்பழம் உள்ளேயே இருந்துவிட்டது.

“நீங்கள் வந்ததாக ஹெலனிடம் சொல்கிறேன்” என்றாள், கதவைச் சாத்துகிறபோது.

அதுதான் என்னைக் கொன்றது. சொல்லாமல் இருந்தால் போதும் என்று கும்பிடலாம் போலிருந்தது. ரயிலில் வழி முழுக்க முருகா முருகா என்று வந்தேன். ஆளைக் கொல்லப் பார்த்தவன் மகள் எழுதிய புத்தகத்தை யார் எடுப்பார்கள்?

6

மறைக்க முடியவில்லை. சாயந்தரம் ஷிப்ட் மாற்றுகிற நேரம்.

“என்ன கண்டிஷன்பா?”

“நானே ஒரு ரோலரப் போட்டு உடைச்சிட்டு வந்துட்டேன்மா” என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன்.

வள்ளி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை, மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். “இங்க யாரும் ஏஜெண்ட் ஆபீசுக்கு இப்படிப் போக மாட்டாங்கப்பா. போனா பயந்துடுவாங்க. என்ன பத்தி என்ன நினைச்சிருப்பாங்க? எழுத்தப் பாத்து எடுக்கணும்னுதானே ஒரு வருஷமா... நான் என்ன பெர்மனென்ட் வேலைக்கா நிக்கிறேன்?”

என் போனை வாங்கினாள். தன் மெயிலை அதிலிருந்து எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“உங்க ஷிப்ட் முடிஞ்சுதுப்பா.”

மல்லிகா சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். “முந்திரியத் தூக்கிக்கிட்டுப் போனீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? இருபது வருஷமா ஆஸ்பத்திரியில இருக்கறவ வீட்ல இருக்கேன். போறதுதான் போறீங்க, முறுக்காவது சுட்டுக் குடுத்திருப்பேன்ல?” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறம் வந்த வாரங்களைப் பற்றி என்ன எழுதுவது? ஃபேக்டரியில் டீ நேரத்தில் கை தானாகப் போனை எடுக்கும், பார்க்க ஒன்றும் இருக்காது, வைத்துவிடுவேன். குஜராத்தி அம்மா கண்ணாலேயே கேட்பார், நான் இல்லை என்று தலையாட்டுவேன். பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று பழகியவனுக்குச் சத்தத்தை வைத்தே கோளாறு தெரிந்துவிடும். அதே மாதிரி வள்ளியின் கதவுக்கு வெளியே நின்று, டைப் அடிக்கிற சத்தம் வருகிறதா என்று கேட்டுப் பார்ப்பேன். வராது.

7

இன்றைக்குக் கோயிலுக்கு வள்ளியும் வந்தாள். பால்குடம் எடுக்கிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டதால் கூட வந்தாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். கோட்டுப் பையில் போன்.

அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்குத் திரை போட்டார்கள். திரைக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு வடலூர் ஞாபகம்தான். தைப்பூசத்துக்கு டவுன்ஷிப்பிலிருந்து நடந்தே போவோம். ஜோதிக்கு முன்னால் ஏழு திரை. ஒவ்வொன்றாக விலக்குவார்கள். ஒன்று விலகும்போது கூட்டம் நெட்டும், பின்னால் இன்னொரு திரை நிற்கும். சின்னப் பிள்ளையில் எனக்கு அது புரியாது. ஒரேயடியாக விலக்கிக் காட்டினால் என்ன என்று அப்பாவின் தோளில் உட்கார்ந்து அழுவேன்.

அதை நினைத்துக்கொண்டு நின்றபோது வள்ளியின் கோட்டுப் பை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவள் முகம் வெளுத்துவிட்டது. போனை என் கையில் திணித்தாள். அம்மாவின் குடத்தைப் பிடித்திருந்த அவள் கையில் பால் வாசனை.

“ஹெலன். என்னால முடியாதுப்பா. நீங்க பாருங்க. உங்க ஷிப்ட்.”

என்னிடம் கண்ணாடி இல்லை. மல்லிகா தன் பையைக் குடைந்து எடுத்துக் கொடுத்தாள். நான் எழுத்துக்களைப் பார்த்தேன். வேண்டாம் வேண்டாம் என்று பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே அந்த வார்த்தை இருந்தது.

அதே நேரம் திரையை விலக்கினார்கள். மணிச் சத்தம், அரோகரா. எல்லார் கையும் தலைக்கு மேல். நான் மட்டும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஒரு ரோலர் போச்சும்மா” என்றேன்.

வள்ளி தலையை ஆட்டினாள். அழவில்லை. ஃபைலை அழித்துவிடுவேன் என்று அவள் சொன்னது என் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

மல்லிகாதான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “ஏங்க, கீழ இன்னும் நெறைய இருக்கே. இல்லன்னு சொல்றதுக்கு இவ்வளவு நீளமா யாரும் எழுத மாட்டாங்களே?”

வள்ளி போனை வாங்கிக்கொண்டு செருப்பு வைக்கிற இடத்துக்குப் போனாள். நாங்களும் பின்னால் போனோம். சுவரோரம் நின்று படித்து, தமிழில் சொன்னாள். இப்படியே இந்தப் புத்தகத்தை எடுக்க முடியாதாம். அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாளாம். அந்த ஊரும் கண்ணுக்குத் தெரிகிறதாம். ஆனால் அந்த அப்பா ஷிப்டுக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். அந்த அப்பாவுக்கு என்ன வேண்டும் என்பது கடைசிப் பக்கம் வரை தெரியவில்லையாம். அதைச் சரி செய்து எழுதினால் மறுபடியும் படிப்பாராம். எடுத்துக்கொள்வேன் என்று இப்போது வாக்குக் கொடுக்க முடியாதாம்.

முந்திரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எலுமிச்சம்பழத்தைப் பற்றியும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு வள்ளியிடம் கேட்டு இரண்டாவது முறையும் தேடிப் பார்த்துவிட்டேன்.

“இப்ப இது ஆமாவா, இல்லையா?” என்றாள் மல்லிகா.

வள்ளி என்னைப் பார்த்தாள். “இன்னும் கான்ட்ராக்ட்லதான்மா இருக்கோம்.”

கோயில் சாப்பாட்டுக் கூடத்தில் சர்க்கரைப் பொங்கல் போட்டார்கள். என் கையோடு லண்டனிலிருந்து திரும்பி வந்த சாந்தாவின் முந்திரியை மல்லிகா பொங்கலுக்குக் கொடுத்திருந்தாள். வள்ளி ஸ்பூனால் முந்திரியைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை. இனி எதுவும் கேட்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டு நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா, மைன்ஸ்ல இருந்தப்பவும் நீங்க இந்த மாதிரி யார் வீட்டுக்காவது போயிருக்கீங்களா?”

“ஒரு தடவ போயிருக்கேன்மா. ஜனவரி ஒண்ணாம் தேதி. ஒரு சூப்பர்வைசர் குவார்ட்டர்ஸுக்கு.”

“என்ன எடுத்துட்டுப் போனீங்க?”

“எலுமிச்சம்பழம். சாந்தா வீட்டு முந்திரி.”

“என்ன கேட்டீங்க?”

“ஒண்ணும் கேக்கல. பெர்மனென்ட் லிஸ்ட் போடறாங்கன்னு பேச்சு. எம்பேரும் இருந்தா நல்லாருக்கும்னு சொல்லத்தான் போனேன். வாய் வரல. அவருக்கே தெரியும்னு நெனச்சிக்கிட்டு நின்னேன். அவர் பழத்த மட்டும் எடுத்துக்கிட்டார். முந்திரியத் திருப்பிக் குடுத்து, வீட்ல புள்ள இருக்குல்ல, அதுக்குக் குடுய்யான்னார். வந்துட்டேன்.”

வள்ளி ஸ்பூனை வைத்துவிட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். தாள் இல்லை. கை துடைக்கிற காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டாள்.

“எலுமிச்சம்பழம் எந்தக் கையில இருந்துது?”

“வலது கையில.”

“செருப்ப எங்க விட்டீங்க?”

“கேட்டுக்கு வெளிய.”

எழுதினாள். காகிதம் கிழியாமல் இடது கையால் பிடித்துக்கொண்டு எழுதினாள். மல்லிகா என் முழங்கையை இடித்தாள். நான் திரும்பவில்லை.

“அந்த முந்திரி என்ன ஆச்சுப்பா?”

“நீதாம்மா சாப்ட்ட. நான் வர்றதப் பாத்துட்டு பஸ் ஸ்டாப்புக்கே ஓடி வந்த. பைய அங்கயே பிரிச்சிட்ட.”

“எல்லாத்தையுமா?”

“எனக்கு ஒண்ணு குடுத்த.”

அதையும் எழுதிக்கொண்டாள்.